டார்க் ரெஞ்ச்: ‘டிக்’ சத்தம் கேட்டால் மட்டும் போதாது

நட்டு, போல்ட்களைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு (டார்க்) இறுக்க உதவும் கருவி டார்க் ரெஞ்ச். அதில் ‘டிக்’ என்று சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தம் சொல்வது ஒன்றைத்தான்: நாம் கொடுத்த முறுக்கு விசை, செட் செய்த அளவைத் தொட்டுவிட்டது. போல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்தக் கருவியைக் கையாள்வதில் நடக்கும் மோசமான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

இறுக்கும்போது போல்ட் நுண்ணிய அளவில் நீள்கிறது. கெட்டியான ஸ்பிரிங் போலப் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பது அந்த இழுவிசைதான். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலையோ நட்டோ உட்காரும் பரப்பின் உராய்வில் போய்விடுகிறது. இன்னும் 40 சதவீதம் மரைகளின் உராய்வுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் 10 சதவீதம் அளவுதான் போல்ட்டை இழுக்கிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவிசை நிறைய மாறிவிடும். ரெஞ்ச்சுக்கு அது தெரியாது.

துரு ஏறிய மரையில் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வைத்து இறுக்கினால் ‘டிக்’ வரும். ஆனால் விசையில் பெரும்பகுதி துருவோடு மல்லுக்கட்டியே தீர்ந்திருக்கும். நட்டு உண்மையில் லூஸ்தான். இதற்கு நேர்மாறு, மரையில் கிரீஸ் தடவிவிட்டு, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவையே வைப்பது. டார்க்கையும் இழுவிசையையும் இணைக்கும் ‘நட் ஃபாக்டர்’ என்ற எண்ணை, உலர்ந்த எஃகு மரைக்கு 0.2 என்றும், எண்ணெய் பட்ட மரைக்கு 0.15 என்றும் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கணக்கின்படி, அதே டார்க்குக்கு இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கார் வீல் போல்ட்டில் ‘அடுத்த தடவை சுலபமாகக் கழற்றலாம்’ என்று கிரீஸ் பூசுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். மேனுவலில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் தடவுங்கள். சொல்லவில்லை என்றால், கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, உலர்ந்த மரையில் இறுக்குங்கள். நட்டு கையாலேயே கடைசி வரை ஓட வேண்டும். கையால் ஓடாத நட்டுக்கு டார்க் ரெஞ்ச் போடுவதில் பொருளில்லை.

அடுத்தது, டயர் கடைகளில் அடிக்கடி காணக்கூடியது. ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று நட்டுகளை முழு வேகத்தில் இறுக்கிவிட்டு, வாடிக்கையாளரின் திருப்திக்காக டார்க் ரெஞ்ச்சை ஒவ்வொன்றிலும் வைத்து ‘டிக், டிக்’ என்று காட்டுவார்கள். 100-க்கு செட் செய்த ரெஞ்ச், ஏற்கெனவே 180-க்கு இறுகிய நட்டிலும் அதே சத்தத்தைத்தான் எழுப்பும். அது குறைவைக் காட்டிக்கொடுக்கும், அதிகத்தைக் காட்டிக்கொடுக்காது. வீல் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுபோவதும், பிரேக் டிஸ்க் கோணலாவதும், நள்ளிரவில் பஞ்சரானால் வண்டியில் இருக்கும் ஸ்பேனரால் நட்டைக் கழற்றவே முடியாமல் போவதும் இப்படித்தான். கடையில் நிற்கும்போது தயங்காமல் சொல்லுங்கள்: “அண்ணே, கன்னால லேசா ஓட்டி விடுங்க, மிச்சத்தை ரெஞ்ச்சால இறுக்குங்க.” ரெஞ்ச் போட்ட பிறகு நட்டு கொஞ்சமாவது நகர்ந்து, அதற்குப் பிறகு சத்தம் வந்தால்தான் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு.

இந்தக் கருவி பிறந்ததே அளவுக்கு மீறி இறுக்குவதைத் தடுக்கத்தான். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், குழாய் இணைப்புகளின் போல்ட்களைத் தொழிலாளர்கள் முறுக்கித் தள்ளுவதைக் கட்டுப்படுத்த 1918-ல் இதை உருவாக்கினார் என்பார்கள். இன்றும் ‘இன்னும் கொஞ்சம் இழுத்து வைப்போம், நல்லதுதானே’ என்ற எண்ணம் போகவில்லை. ‘டிக்’ வந்த பிறகு உறுதிக்காக இன்னொரு முறை, அதற்கும் மேலே ஒரு முறை என்று இழுப்பவர்கள் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு சத்தம் போதும். அந்த நொடியில் கையை நிறுத்திவிட வேண்டும்.

இழுக்கும் விதமும் முக்கியம். வெடுக்கென்று இழுத்தால் சத்தம் கேட்பதற்குள் அளவைத் தாண்டிவிடுவோம். பாதியில் நின்று மறுபடி தொடங்கினால், நின்ற நட்டை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டியிருப்பதால் முன்கூட்டியே சத்தம் வந்துவிடும். மெதுவாக, ஒரே சீராக, கைப்பிடியின் பிடி போடும் இடத்தின் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். கைப்பிடியில் இரும்புக் குழாய் சொருகி நீட்டவே கூடாது. வழியில் நின்றுபோய்விட்டால், நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி ஒரே மூச்சில் இறுக்குங்கள். பல நட்டுகள் உள்ள சக்கரத்தில் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, முதலில் பாதி அளவு, பிறகு முழு அளவு என்று போக வேண்டும். வட்டமாகச் சுற்றி வந்தால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும்.

இனி ரெஞ்ச்சைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் பெரிய ரெஞ்ச் ஒன்றை வாங்கிவிட்டு, பைக்கின் எல்லா போல்ட்டுக்கும் அதையே பயன்படுத்துவது. எஞ்சின் கவர்களில் இருக்கும் எம்6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். அந்த அளவை இந்த ரெஞ்ச் காட்டவே காட்டாது. ‘டிக்’ வரும் என்று காத்துக்கொண்டே இழுத்தால், முதலில் வருவது அலுமினிய மரை அறுந்துபோகும் உணர்வு. சாதாரண ‘டிக்’ ரெஞ்ச்சுகளின் துல்லியம், அவற்றின் உச்ச அளவில் 20 சதவீதத்துக்கு மேலேதான் உறுதி செய்யப்படுகிறது. பைக் வேலை செய்பவர்களுக்கு 5 முதல் 25 வரை காட்டும் சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். என் பார்வையில் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். கை பிசகினால் பெரிய போல்ட் மன்னிக்கும், அலுமினிய மரை மன்னிக்காது.

ஸ்கேலில் இரண்டு அலகுகள் அச்சிட்டிருப்பது இன்னொரு பொறி. ஒரு பவுண்ட்-அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர். 90 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 90 பவுண்ட்-அடி வைத்தால் 122-ல் போய் நிற்கும். பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் இருக்கும்; அதை 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நேரான எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் அளவு மாறிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். நட்டைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் ரெஞ்ச்சுக்கும் நடுவில் செங்குத்தாக நிற்கும் ராடு அளவை மாற்றாது. மாற்றுவது, சாக்கெட் நுழையாத இடத்தில் ரெஞ்ச்சின் முன்னால் நீட்டி மாட்டும் திறந்த வாய் ஸ்பேனர் தலை. அப்போது நெம்புகோலின் நீளமே கூடிவிடுகிறது. ரெஞ்ச்சின் நீளம், அதாவது பிடிக்கும் இடத்திலிருந்து தலையின் மையம் வரை 300 மில்லிமீட்டர், முன்னால் நீட்டியது 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுக்கு 70 நியூட்டன் மீட்டர் தேவை என்றால், 70-ஐ 300-ஆல் பெருக்கி 350-ஆல் வகுக்க வேண்டும். 60-ல் செட் செய்ய வேண்டும். அந்தத் தலையை ரெஞ்ச்சுக்குச் செங்கோணத்தில் திருப்பி மாட்டினால் கணக்கே தேவையில்லை, அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

‘டிக்’ ரெஞ்ச்சைப் பற்றியே இவ்வளவு சொன்னாலும், முள் காட்டும் பழைய கம்பி ரெஞ்ச் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு கம்பி வளைகிறது, வளையாத இன்னொரு கம்பி ஸ்கேலில் அளவைக் காட்டுகிறது. உள்ளே தளர்ந்துபோக ஸ்பிரிங் இல்லை, விலையும் குறைவு. முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் மெல்ல வளைத்து நிறுத்திவிடலாம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஸ்கேலுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பார்ப்பது, கைப்பிடி நடுவில் ஊசலாடும்படி அமைந்திருந்தால், அதன் நுனிகள் கம்பியில் இடிக்காமல் பிடிப்பது.

‘டிக்’ ரெஞ்ச்சை வேலை முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். 100-ல் விட்டுவிட்டால் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடந்து காலப்போக்கில் அளவு பிசகும். குறைந்த அளவுக்கும் கீழே திருகித் தளர்த்துவதும் தவறு. உள் பாகங்கள் இடம் மாறலாம். இறுகிக் கிடக்கும் நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு வீல் ஸ்பேனர் இருக்கிறது. கீழே போட்டுவிட்டால் சோதித்துப் பார்க்காமல் மறுபடி நம்பாதீர்கள். வொர்க்‌ஷாப்பில் தினமும் புழங்கும் ரெஞ்ச்சை ஆண்டுக்கு ஒரு முறையோ 5,000 முறை இறுக்கிய பிறகோ, எது முதலில் வருகிறதோ அப்போது அளவு சரிபார்க்க வேண்டும் என்பது சர்வதேசத் தர விதிமுறையில் உள்ள வழக்கம்.

சில எஞ்சின் ஹெட் போல்ட்களுக்கு மேனுவலில் ஒரு டார்க் அளவும், அதன் பின் ‘மேலும் 90 பாகை திருப்பு’ என்றும் போட்டிருக்கும். அந்த 90 பாகையை எண்ணாக மாற்றி ரெஞ்ச்சில் வைக்க வழி தேடாதீர்கள். உராய்வு செய்யும் குளறுபடியைத் தவிர்க்கவே கோணத்தை வைத்திருக்கிறார்கள். இவற்றில் பல, நிரந்தரமாக நீளும்படி இறுக்கப்படும் போல்ட்கள். கழற்றினால் புதியது போட வேண்டும்.

சக்கரம் கழற்றி மாட்டிய கார் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பாருங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும். அதே அளவில் செட் செய்து, இறுக்கும் திசையில் மெதுவாக இழுங்கள். நட்டு நகராமல் ‘டிக்’ வந்தால் அது தளரவில்லை. ஏதாவது ஒன்று நன்றாக நகர்ந்தால், அதைக் கழற்றி மரையையும் நட்டு உட்காரும் இடத்தையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.