சமூகப்பணி முதுகலை ஆய்வு: தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டு எழுதுவோருக்கு

சிங்கப்பூரில் சமூகப்பணி பல்கலைக்கழகப் பாடமாகி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1952இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தப் படிப்பை இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் முதுகலை நிலையில் படிக்கலாம். படிப்போரில் பலர் பகலில் குடும்பச் சேவை நிலையத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவர்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆனால் ஈசூனில் ஒரு வாடகை வீட்டில் வாழும் தமிழ் மூதாட்டியைப் பற்றி ஆராய்வதென்றால், கேட்பதும் கேட்டுக்கொள்வதும் தமிழில்தான் நடந்தாக வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மாணவர் சிலரின் ஆய்வுகளுக்குத் துணைநின்றபோது கற்றுக்கொண்டவையே இதில் பெரும்பகுதி.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். “சிங்கப்பூர்த் தமிழ் முதியோரின் பிரச்சினைகள்” என்பது ஒரு வாழ்நாள் வேலைக்கான தலைப்பு. ஓராண்டில் முடிக்க வேண்டிய ஆய்வுக்கு அது ஆகாது. “முதுமை மறதிநோய் உள்ள தாயையோ தந்தையையோ வீட்டில் பராமரிக்கும் தமிழ்ப் பெண்கள், வெளியுதவி கேட்கலாம் என்று எந்தக் கட்டத்தில் முடிவெடுக்கிறார்கள்?” என்று கேட்டால், யாரிடம் பேச வேண்டும், எதைப் பற்றிப் பேச வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கேள்விக்குள்ளேயே தெளிவாகிவிடும். கேள்வியை எழுதியதும், உங்கள் நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். “இதற்கு விடை தெரிந்தால் என் வேலையில் ஒன்றை மாற்றிச் செய்வேன்” என்று அவர் சொன்னால் அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி அமைந்துவிட்டால் ஆய்வுமுறை பெரும்பாலும் தானே அமையும். எப்படி, ஏன் என்று கேட்பவர்களுக்கு நேர்காணல் பொருந்தும். எவ்வளவு, யாருக்கு அதிகம் என்று கேட்பவர்களுக்குக் கணக்கெடுப்பு வேண்டும். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு நடுத்தர அளவிலான வேறுபாட்டைக் காண வேண்டுமானால், வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் தேவைப்படுவார்கள். தமிழ் பேசும் 128 பராமரிப்பாளர்களைத் தனியொரு மாணவர் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஆகவே பத்துப் பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசும் நேர்காணல் ஆய்வையே பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பேன். பராமரிப்புச் சுமையை அளக்கும் 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் போன்ற ஒன்றைப் பயன்படுத்தினால், உரிமையாளரின் அனுமதியைப் பெறுவதோடு, தமிழாக்கத்தை வேறொருவர் மூலத்தைப் பார்க்காமல் மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கவும் வேண்டும்.

பங்கேற்போருக்குத் தீங்கு நேராதா என்று ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்கும் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் கிடைக்கும்வரை ஒருவரிடமும் தகவல் திரட்டக் கூடாது. திருத்தங்கள் கேட்டு விண்ணப்பம் திரும்பி வருவது இயல்பு என்பதால், அட்டவணையில் இதற்கு இரண்டு மூன்று மாதங்களை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிலையத்திலேயே ஆய்வு செய்வதானால், நெறிக்குழு முதலில் கேட்பது உங்கள் இரட்டை நிலையைப் பற்றித்தான். நிதியுதவிக்கான விண்ணப்பத்தை நேற்று எழுதிக்கொடுத்த அதே அதிகாரி இன்று ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நின்றால், எந்த அம்மாவால் “முடியாது” என்று சொல்ல முடியும்? உங்கள் பொறுப்பில் இருக்கும் குடும்பங்களை விட்டுவிடுங்கள். அழைப்பை வேறொரு சக ஊழியர் மூலம் அனுப்புங்கள். மறுத்தாலும் சேவை குறையாது என்பதை எழுத்திலும் வாய்ச்சொல்லிலும் தெரிவியுங்கள். வெளிநாட்டு ஊழியர்களிடம் பேச விரும்புவோர், முதலாளியோ விடுதி நிர்வாகியோ ஆள் பொறுக்கி அனுப்பும் ஏற்பாட்டுக்கு இணங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், அந்த ஊழியரே தேர்ந்தெடுக்கும் இடத்தில், அவரே தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பேசுவது பாதுகாப்பானது.

இரகசியம் காப்பதாக வாக்களிக்கும்போது, அந்த வாக்கின் எல்லையையும் சொல்லிவிடுவது நம் கடமை. குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 424ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சில குற்றங்கள் நடந்ததை அறியவரும் எவரும், தக்க காரணம் இல்லாவிட்டால், அதைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஆய்வாளர் என்பதற்காக நமக்கு அதிலிருந்து விலக்கு இல்லை. பேச்சின் நடுவே ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒலிப்பதிவை நிறுத்துவது, தொடர விருப்பமா என்று கேட்பது, மறுநாள் நலம் விசாரிப்பது, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 உள்ளிட்ட உதவி எண்களைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அடையாளத்தை மறைப்பது நம் சமூகத்தில் கூடுதல் கவனம் வேண்டும் வேலை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. “தோ பாயோவில் வசிக்கும், மூன்று மகன்களைப் பெற்ற, கோயிலில் பூக்கட்டும் விதவை” என்று எழுதினால், அவரை அறிந்த பத்துப் பேராவது யார் என்று சொல்லிவிடுவார்கள். வட்டாரத்தையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஆய்வின் முடிவு கெடாதபடி பொதுமைப்படுத்துங்கள். அடையாள அட்டை எண்ணை வாங்காதீர்கள். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்காடிப் பற்றுச்சீட்டு அன்பளிப்பாகக் கொடுப்பீர்களானால், அந்தக் கையெழுத்துத் தாளை நேர்காணல் பதிவுகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் முதல் ஆய்வுக்கு நான் எழுதிய தமிழ்ப் படிவம் இலக்கணப் பிழையின்றி இருந்தது. “பங்கேற்பாளர் தன்னார்வத்துடன்” என்று தொடங்கியது. முதலில் சந்தித்த அம்மா இரண்டு வரி படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். “எங்க கையெழுத்துப் போடணும், சொல்லும்மா” என்றார். அவர் சம்மதித்தது என் படிவத்துக்கில்லை, எனக்குத்தான் என்பதை அப்போது உணர்ந்தேன். அதன்பின் படிவத்தை ஒரு பக்கமாக்கி, பேச்சுக்கு நெருங்கிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு, “நான் சொன்னதை உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவர் தம் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே பேனாவைக் கொடுக்க வேண்டும்.

பேச்சிலும் அதே கவனம் வேண்டும். “உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்ற பதில்தான் வரும். “ராத்திரி தூக்கம் எப்படி, ஆன்ட்டி?” என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். மொழிபெயர்ப்பு அதற்கு மேல். நேரம் மிச்சமாகும் என்று நேராக ஆங்கிலத்தில் எழுதிவிடும் மாணவர்களை நான் தடுப்பதுண்டு. “அம்மாவ நான்தான் வெச்சுப் பாக்குறேன்” என்பதை ஆங்கிலமாக்கும்போது பராமரிப்பு என்ற பொருள் மட்டும் மிஞ்சும். தன் வீட்டில் வைத்துக்கொள்வது, மற்ற உடன்பிறந்தோர் வைத்துக்கொள்ளாதது, அதிலுள்ள பெருமை, அதிலுள்ள குறை அனைத்தும் “வெச்சு” என்ற ஒரு சொல்லோடு போய்விடும். “சங்கடம்” ஓரிடத்தில் கூச்சம், ஓரிடத்தில் வேதனை, ஓரிடத்தில் வெறும் தொல்லை. எனவே முதலில் தமிழிலேயே, அவர் கலந்து பேசிய ஆங்கிலச் சொற்களோடு அப்படியே எழுதுங்கள். கருத்துகளுக்குக் குறிச்சொல் இடுவதையும் தமிழ்ப் பிரதியின் மீதே செய்யுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் வாக்கியங்களை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். ஈடில்லாத சொற்களை ஒலிபெயர்த்து, விளக்கத்தோடு விட்டுவிடலாம். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாதென்றால், முதல் இரண்டு நேர்காணல்களை முழுமையாக மொழிபெயர்த்துக் கொடுத்து, குறிச்சொற்களை இருவரும் சேர்ந்து முடிவுசெய்வது நல்லது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின், கண்டவற்றை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி எழுதுங்கள். நிலையத்தின் அனுமதியோடு, பங்கேற்றவர்களில் விரும்புவோருக்குத் தனித்தனியே வாசித்துக் காட்டுங்கள். ஒரே அறையில் கூட்டினால் யார் யார் பங்கேற்றார்கள் என்பது வெளியாகிவிடும். நெறிக்குழுவுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த தேதியில் ஒலிப்பதிவுகளை அழித்துவிட்டு, அழித்த நாளைக் கோப்பில் குறித்து வையுங்கள்.