டி-34 மாதிரி டாங்கிக்கு மறுவண்ணம் பூசிப் போர்க்களத் தோற்றம் தருவது எப்படி?

சேகரிப்பாளர்களுக்காக விற்கப்படும் டை-காஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) மாதிரி டாங்கிகள் பெரும்பாலும் ஒரே தடித்த பச்சையில், பொம்மைக்குரிய மினுமினுப்போடு வருகின்றன. வார்ப்பில் போல்ட் தலை, கதவுக் கீல், வெல்டிங் தழும்பு என எல்லாம் இருந்தும், அந்த வண்ணம் அவற்றை மூடிவிடுகிறது. அவற்றை வெளிக்கொணர்ந்து, சேற்றிலும் புழுதியிலும் ஓடிய வண்டியின் தோற்றத்தைத் தருவதற்கான முறையை, முதன்முறையாகத் தூரிகை எடுப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, 1944-இல் களமிறங்கிய சோவியத் டி-34-85 டாங்கியை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பச்சை வண்ணமும், பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்களும், அகன்ற சரிவான கவசத் தகடுகளும் கொண்டிருப்பதால் பழகுவதற்கு இதைவிட ஏற்ற வண்டி இல்லை என்பது என் கருத்து.

வேலை தொடங்கும் முன் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். எண்ணிக்கை வரையறுத்து வெளியிடப்பட்ட அரிய மாதிரியாக இருந்தால், அதன் மூல வண்ணத்தை நீக்கியதும் சேகரிப்பு மதிப்பு குறைந்துவிடும். பிறகு அதை மீட்க வழியில்லை. ஆகவே எளிதில் கிடைக்கும் மாதிரி ஒன்றிலேயே தொடங்குங்கள்.

முதல் படி: பிரித்தலும் கழுவுதலும்

அடிப்பகுதியிலுள்ள திருகுகளைக் கழற்றி, கோபுரம் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதி), மேலுடல், சங்கிலிப் பட்டைகள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மீண்டும் பூட்டும்போது குழப்பம் வராது. பின்னர் வெதுவெதுப்பான நீரில் சில துளிகள் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, முழுவதும் உலரவிடுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் புதிய வண்ணம் பிடிக்காது என்பதால், இதன்பின் கையுறையோடு தொடுவதே நல்லது.

பழைய வண்ணம் மெல்லியதாக இருந்தால் அதை முழுவதும் நீக்கத் தேவையில்லை. 600 அல்லது 800 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். அசிட்டோனை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். உடல் துத்தநாகக் கலவையாக இருந்தாலும், கைப்பிடி, கருவிப் பெட்டி, பீரங்கிக் குழல் போன்றவை பிளாஸ்டிக்காக இருப்பது வழக்கம். அசிட்டோன் பட்டால் அவை இளகி உருக்குலைந்துவிடும்.

இரண்டாம் படி: பிரைமரும் பச்சையும்

உலோகத்தின் மேல் நேரடியாகப் பூசிய அக்ரிலிக் வண்ணம் நகம் பட்டாலே உரிந்து வரும். எனவே உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும் சாம்பல் நிற பிரைமரை (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு), 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, இரண்டு அல்லது மூன்று மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, ஒரு நாள் உலரவிடுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசத்தோடு இதைச் செய்ய வேண்டும். தூசுக்கான சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

போர்க்காலச் சோவியத் டாங்கிகளுக்குப் பூசப்பட்டது 4பிஓ என்று குறிக்கப்பட்ட மந்தமான பச்சை. அதே அடர்த்தியில் சிறு மாதிரியின் மீது பூசினால், அது நிஜத்தைவிடக் கருமையாகத் தோன்றும். ஆகையால் பச்சையில் பத்தில் ஒரு பங்கு வெளிர் மஞ்சளோ மணல் நிறமோ கலந்துகொள்ளுங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) இருந்தால் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தெளிக்கலாம். இல்லையென்றாலும் தடையில்லை, அகலமான மென்தூரிகையால் மூன்று மெல்லிய பூச்சு கொடுத்தால் தடம் தெரியாமல் படியும். அடித்த பச்சையோடு இன்னும் சிறிது மணல் நிறம் சேர்த்து, மேல்நோக்கிய தகடுகளின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு மெல்லிய அடுக்கு தந்தால், வெயிலில் வெளிறிய தோற்றம் கிடைக்கும். சக்கரங்களின் ரப்பர் விளிம்புக்குத் தூய கறுப்பு வேண்டாம். கருஞ்சாம்பல்தான் ரப்பராகத் தெரியும்.

அடுத்து பளபளப்பு வார்னிஷ் ஓர் அடுக்கு பூசி, அது உலர்ந்தபின் நீரில் ஊறவைத்து ஒட்டும் எண் ஒட்டிகளைப் பொருத்துங்கள். மங்கலான பரப்பில் ஒட்டினால் ஒட்டியின் அடியில் காற்று சிக்கி, வெள்ளி போல மினுங்கும். பளபளப்புப் பூச்சு கேட்பது அதனால்தான். 1945 ஏப்ரலில் பெர்லினை நோக்கி முன்னேறிய டாங்கி வேண்டுமென்றால், வானிலிருந்து நட்பு விமானங்கள் அடையாளம் காண்பதற்காகக் கோபுரத்தைச் சுற்றித் தீட்டப்பட்ட வெள்ளைப் பட்டையையும் சேர்க்கலாம். அதைக் கையால், சற்றே ஒழுங்கின்றி வரையுங்கள்; களத்தில் அவசரமாகத் தீட்டப்பட்ட பட்டை அளவுகோல் வைத்தது போல இருந்திருக்காது. ஒட்டிகளின் மேல் மீண்டும் ஓர் அடுக்கு வார்னிஷ் பூசிக் காப்பிடுங்கள்.

மூன்றாம் படி: பழமைத் தோற்றம்

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, கவசம் முழுவதும் துருவைப் பூசிவிடுவது. என் முதல் டாங்கியிலும் அதையே செய்தேன். அது போரில் இருந்த வண்டியாக அல்லாமல், பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த இரும்பாகத் தெரிந்தது. அன்றிலிருந்து, ஒவ்வொரு கறையையும் வைக்கும் முன், இது இங்கே எப்படி வந்திருக்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லாத கறையை வைப்பதில்லை.

முதலில் நிழல். பழுப்பும் கறுப்பும் கலந்த ஆயில் பெயின்டை வாசனையற்ற டர்பன்டைனில் தேநீர் போல நீர்த்து, நுண்தூரிகையால் போல்ட் தலையின் அடியிலும் தகடுகளின் இணைப்பிலும் தொடுங்கள். அது தானாகவே பள்ளத்தில் ஓடிப் பரவும். அரை மணி நேரம் கழித்து, வெளியே படிந்ததைச் சற்று ஈரமான பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கலாம். இக்கலவையை வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கின் மேல் தேங்க விடாதீர்கள். மெல்லிய உறுப்புகள் வெடித்துவிடக் கூடும்.

அடுத்தது வண்ணம் உரிந்த இடங்கள். டி-34 டாங்கியின் மேல் காலாட்படை வீரர்கள் ஏறிச் சென்றார்கள். அதற்காகவே உடலிலும் கோபுரத்திலும் கைப்பிடிகள் இருந்தன. எனவே கைப்பிடிகள், அவற்றை ஒட்டிய தகட்டு விளிம்புகள், குழுவினர் நுழையும் கதவுகளின் ஓரங்கள், முன்சரிவில் உள்ள ஓட்டுநர் கதவின் சுற்றுப்புறம் ஆகியவையே அதிகம் தேய்ந்திருக்கும். ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கரும்பழுப்பு வண்ணத்தில் தோய்த்து, தாளில் ஒற்றி எடுத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் அந்த விளிம்புகளில் மட்டும் லேசாகத் தட்டுங்கள். பெரும்பரப்பின் நடுவே ஒரு புள்ளியும் வேண்டாம். துருவை மெல்லிய தகட்டாலான சேற்றுக்காப்புகளுக்கும், பின்புறத்தின் இரு புகைக்குழாய்களுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

மழைநீர் வழிந்த கோடுகளுக்கு, செங்குத்துத் தகடுகளின் மேல்விளிம்பில் மணல் நிறத்திலும் பழுப்பிலும் ஊசிமுனை அளவு ஆயில் பெயின்ட் புள்ளிகள் வையுங்கள். டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும், கோடு மறையும் எல்லைவரை இழுங்கள். ஒரு நாள் காயவிட்டு, மங்கல் வார்னிஷ் பூசுங்கள். அடுத்த படியில் சேறும் புழுதியும் சேர்க்கும் முன்பே இது முடிய வேண்டும். அவற்றுக்குப் பயன்படும் பிக்மென்ட் (நிறமி) தூளின் மேல் வார்னிஷ் பட்டால் நிறம் இருண்டு, தூளின் தன்மையே மறைந்துவிடும்.

நான்காம் படி: சங்கிலிப் பட்டை, சேறு, எண்ணெய்

மாதிரிகளின் பட்டைகள் வளையும் வினைலாக இருந்தால், அக்ரிலிக் வண்ணத்தை மிக மெல்லிய அடுக்குகளாகப் பூசி, பிறகு அதிகம் வளைக்காமல் பொருத்துங்கள். அடி நிறம் கரும்பழுப்பு. தரையைத் தொடும் மேடுகளில் மென்மையான பென்சிலைத் தேய்த்தால் உண்மை எஃகு போலவே மின்னும். சக்கரங்களின் நடு இடைவெளியில் ஓடும் வழிகாட்டிப் பற்களும் உரசி மின்னுபவை. அவற்றையும் தொட மறக்க வேண்டாம்.

சேற்றுக்குப் பழுப்பு நிறப் பிக்மென்ட் தூள்களைச் சிறிது மங்கல் அக்ரிலிக் ஊடகத்தில் பிசைந்து, அடிப்பகுதியிலும் சக்கரங்களின் உட்புறத்திலும் தடவுங்கள். ஈரச் சேறு கருமையாகவும் உலர்ந்தது வெளிர்ந்தும் இருப்பதால் இரு நிறங்கள் தேவை. வெளிர்ந்ததை மேலேயும் இருண்டதைக் கீழேயும் வையுங்கள். மேல்தகடுகளின் மூலைகளில் உலர்ந்த தூளை மட்டும் தூவி, ஒரு துளி டர்பன்டைனை அருகில் வைத்தால், அது பரவித் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, பக்கவாட்டில் உள்ள உருளை வடிவ எரிபொருள் கலன்களின் மூடிக்குக் கீழே, கரும்பழுப்பு ஆயில் பெயின்டோடு பளபளப்பு வார்னிஷ் கலந்து ஒரே ஒரு வழிதல் வரையுங்கள். சுற்றிலும் எல்லாம் மங்கலாக இருக்க, இது மட்டும் ஈரமாக மின்னுவதால், சற்று முன்புதான் டீசல் ஊற்றியது போலிருக்கும். இரண்டு நாள் தொடாமல் விட்டு, பிறகு திருகுகளைப் பூட்டி, எப்போதும் அடிப்பக்கத்தைப் பிடித்தே தூக்குங்கள்.