ஒரே பிரவுசர்ல அஞ்சு கம்பெனி லாகின்: ஃபயர்ஃபாக்ஸ் கன்டெய்னர் செட் பண்றது எப்படி?

திருப்பூர்ல சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கறவங்களுக்காக இதை எழுதறேன். நிட்டிங் ஒண்ணு, பிரிண்டிங் ரெண்டு, எம்பிராய்டரி ஒண்ணுன்னு நாலஞ்சு கம்பெனிக்கு ரிட்டர்ன் போடறவங்க கையில பெரும்பாலும் ஒரே லேப்டாப், ஒரே பிரவுசர்தான். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டற சுருக்க ரிட்டர்ன்). அந்த நாட்கள்ல ஒரு கம்பெனிக்குள்ள போய், வெளிய வந்து, அடுத்ததுக்குள்ள போய், கேப்ச்சா அடிச்சே பாதி நேரம் போயிருமுங்க.

புது டேப்ல ரெண்டாவது கம்பெனிக்கு லாகின் பண்ணினா, முதல் டேப்ல பழைய கம்பெனி பேர் அப்படியே தெரியும். ரிஃப்ரெஷ் ஆனதும் அங்கயும் புதுக் கம்பெனி வந்திருக்கும். யார் உள்ள இருக்காங்கங்கற அடையாளத்தை ஜிஎஸ்டி போர்ட்டல் குக்கியில, அதாவது பிரவுசர்ல சைட் சேமிச்சு வெக்கற சின்னத் தகவல்ல வெக்குது. சாதாரணமா ஒரு பிரவுசர்ல ஒரு சைட்டுக்கு ஒரு செட் குக்கிதான். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் பேர்ல ஏறிட்டா, ஃபைல் பண்ணின 3பி-யை ரிவைஸ் பண்ண வழியே இல்லை. அதனாலதான் இதை வெறும் வசதியா நான் பார்க்கறதில்லை.

இன்காக்னிட்டோ போதுமேன்னு கேப்பீங்க. இன்காக்னிட்டோ ஜன்னல் எத்தனை திறந்தாலும் அத்தனைக்கும் குக்கி பொதுதான். அதனால வெளிய ஒரு கம்பெனி, உள்ள ஒரு கம்பெனி, அதோட முடிஞ்சுது. இன்காக்னிட்டோல போனா யாருக்கும் தெரியாதுங்கறதும் தப்பு. உங்க லேப்டாப்ல ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். இன்டர்நெட் கொடுக்கற கம்பெனிக்கு நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு அப்பவும் தெரியும். குரோம்ல தனித்தனி புரொஃபைல் போடலாம், வேலை செய்யும். ஆனா கம்பெனிக்கு ஒரு ஜன்னல்னு அஞ்சு ஜன்னலை மாத்தி மாத்தித் தேடறது எனக்குப் பிடிக்கலை.

எனக்குப் பிடிச்சது ஃபயர்ஃபாக்ஸ்ல இருக்கற 'மல்ட்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்'. ஃபயர்ஃபாக்ஸை உண்டாக்கற மொசில்லாவே 2017-ல கொண்டுவந்த இலவச ஆட்-ஆன், அதாவது பிரவுசர்ல சேர்த்துக்கற கூடுதல் வசதி. கம்பெனிக்குத் தனி ஃபைல் கட்டு வெக்கற மாதிரி ஒவ்வொரு டேபுக்கும் தனி குக்கி கட்டு. எல்லாம் ஒரே ஜன்னல்லயே இருக்கும்.

படி 1. மெனுவில் ஆட்-ஆன்ஸ் பக்கம் போய் பேரைத் தேடி இன்ஸ்டால் பண்ணுங்க. வெளியிட்டது மொசில்லாதானான்னு பார்த்துக்குங்க. இதே மாதிரி பேர்ல வேற ஆட்-ஆன்களும் இருக்கு.

படி 2. மேல வர்ற ஐகானை அழுத்தி 'மேனேஜ் கன்டெய்னர்ஸ்' போங்க. பர்சனல், ஒர்க், பேங்கிங், ஷாப்பிங்னு நாலு இருக்கும். வேண்டாததை அழிச்சுட்டு கம்பெனிக்கு ஒண்ணா உண்டாக்குங்க. பேரோட ஜிஎஸ்டி நம்பர்ல கொஞ்சத்தையும் சேர்த்து வெக்கறது நல்லது. முதல் ரெண்டு இலக்கம் பிரயோஜனப்படாது, தமிழ்நாடு முழுக்க 33தான். அடுத்த பத்தும் பான் நம்பர். ஒரே ஓனர் நம்ம மாநிலத்துலயே ரெண்டு ரிஜிஸ்ட்ரேஷன் வெச்சிருந்தா பானும் ஒண்ணாத்தான் இருக்கும். 13-ஆவது எழுத்தைப் பார்த்துப் பேர் வைங்க. கலரும் வேற வேற கொடுங்க.

படி 3. புது டேப் திறக்கற பிளஸ் குறியைச் சித்த நேரம் அழுத்திப் பிடிங்க, கன்டெய்னர் பட்டியல் வரும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து போர்ட்டலைத் திறந்து லாகின் பண்ணுங்க. டேப்ல கலர் கோடும், அட்ரஸ் பார் வலது ஓரத்துல கன்டெய்னர் பேரும் தெரியும்.

படி 4. இதுலதான் மாட்டுவீங்க. படி 2-ல சொன்ன ஐகானை அழுத்தினா வர்ற மெனுவில் 'ஆல்வேஸ் ஓபன் திஸ் சைட் இன்'னு ஒண்ணு இருக்கும். பார்த்தா வசதியாத் தோணும். ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு மட்டும் அதைத் தொடாதீங்க. தொட்டுட்டா, வேற கன்டெய்னர்ல போர்ட்டலைத் திறக்கும்போதெல்லாம் எதுல திறக்கட்டும்னு ஒரு பக்கம் கேக்கும். அவசரத்துல 'ரிமெம்பர்' கட்டத்தையும் டிக் பண்ணி ஓகே கொடுத்துட்டா அதுக்கப்பறம் கேக்கறதும் நின்னு போயி, நீங்க எந்தக் கலர்ல திறந்தாலும் ஒரே கம்பெனிக்குள்ள கொண்டுபோய் விட்டுரும். எங்க போனாலும் முதல் கம்பெனியே வருதுன்னு நான் ஆட்-ஆனையே எடுத்துட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டியதில்லைங்க. மேனேஜ் கன்டெய்னர்ஸ், அந்தக் கம்பெனி பேர், 'மேனேஜ் சைட் லிஸ்ட்'. அதுல போர்ட்டல் பேரை நீக்கினாப் போதும்.

ஃபயர்ஃபாக்ஸ்ல ஹிஸ்டரியே வேண்டாம்னு 'நெவர் ரிமெம்பர் ஹிஸ்டரி' வெச்சிருந்தா கன்டெய்னர் வேலை செய்யாது. பிரைவேட் ஜன்னலுக்கும் அதே கதைதான்.

பாஸ்வேர்டு விஷயத்தைக் கவனமாப் படிங்க. கன்டெய்னர் பிரிக்கறது குக்கியையும் சைட் சேமிக்கற தகவலையும்தான். சேவ் பண்ணின பாஸ்வேர்டு, புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் பொது. லாகின் பெட்டியில எல்லாக் கம்பெனி யூசர் நேமும் வரிசையா வரும், பார்த்து எடுக்கணும். அடுத்தவங்க பாஸ்வேர்டு நம்ம பொறுப்புல இருக்குங்கறதால, செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதியில 'பிரைமரி பாஸ்வேர்டு' (சேவ் பண்ணின பாஸ்வேர்டுக்கெல்லாம் ஒரு பூட்டு) கண்டிப்பாப் போட்டுருங்க.

அங்கயே இன்னொண்ணு. கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கீழ் மூலையில 'வைரஸ் வந்துருச்சு'ன்னு ஓயாம எட்டிப்பார்க்குமே, அதுல நிறைய, ஏதோ சைட்ல நோட்டிஃபிகேஷனுக்கு அலோவ் கொடுத்ததோட விளைவு. பெர்மிஷன்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத சைட்டையெல்லாம் நீக்கி, புதுசா எதுவும் கேக்காதபடி பிளாக் பண்ணிருங்க. இதுக்குன்னு ஒரு ஆன்ட்டிவைரஸ் வாங்காதீங்க.

பின்சேர்க்கை: ஈரோட்டுல ஜவுளி வியாபாரம் பண்ற ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: "சலான் போட்டு நெட்பேங்கிங் அழுத்தினா பேங்க் பக்கம் வேற கலர் டேப்ல திறக்குதுங்க, பணம் கட்ட முடியலை." அவர் பேங்க் சைட்டை 'ஆல்வேஸ் ஓபன்' போட்டு பேங்கிங் கன்டெய்னர்ல வெச்சிருக்கார். அதனால போர்ட்டல் அனுப்பற இடத்துல டேப் மாறி, பேமென்ட் அறுந்து போகுது. சலான் கட்டறவங்க பேங்க் சைட்டை எதுலயும் கட்டி வெக்காம விட்டுருங்க. நடுவுல அறுந்து போச்சுன்னா உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க. முதல்ல போர்ட்டல்ல, கட்டின பணம் வரவு காட்டற எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரைப் பாருங்க. பேங்க் அக்கவுன்ட்ல இருந்து பணம் போயும் சிஐஎன் (சலான் கட்டினதுக்கான அடையாள நம்பர்) வரலைன்னா, அதுக்குன்னு பிஎம்டி-07 படிவம் போர்ட்டல்லயே இருக்கு.

போன்ல வருமான்னும் சிலர் கேட்டிருந்தீங்க. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல இந்த ஆட்-ஆன் கிடையாது, லேப்டாப்ல மட்டும்தானுங்க.