12 வயது வரை யாரையும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித்தரும் பி.டி. மாஸ்டர்களுக்கும் அண்ணன்களுக்கும் இது. உயரமான பையன் கோல்கீப்பர், வேகமாக ஓடுபவன் ஃபார்வர்டு என்று முதல் நாளே முடிவு செய்துவிடுகிறோம். அடுத்த மேட்சை ஜெயிக்க அது உதவும். ஆனால் 10 வயதில் உயரமாக இருப்பவன் 15 வயதில் நடுத்தர உயரமாகிவிடலாம். அப்போது காலில் பந்து பழகாமல் நிற்பான், பாவம்.

வாராவாரம் இடத்தை மாற்றுங்கள். யார் எங்கே ஆடினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள்.

அப்புறம், 22 பேரை ஒரே பந்தின் பின்னால் ஓடவிட வேண்டாம். பாதிப் பேர் பந்தைத் தொடுவதே அபூர்வம். நாலுக்கு நாலாகப் பிரியுங்கள். சுமார் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், கோலுக்கு இரண்டு செருப்பு, கீப்பர் கிடையாது. அமெரிக்காவிலும் 8 வயது வரை நாலுக்கு நாலு, 10 வரை ஏழுக்கு ஏழு, 12 வரை ஒன்பதுக்கு ஒன்பதுதான். பந்தும் 4-ம் நம்பர் போதும். 5-ம் நம்பர் 13 வயதுக்கு மேல். நம் ஊர் மைதானம் என்றால் முதலில் கல் பொறுக்கிவிடுங்கள்.

பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: ஒவ்வொரு பிள்ளையும் பாதி மேட்சாவது ஆடும். இரண்டு கோல் பின்தங்கினாலும் அதை மாற்றாதீர்கள்.