மேய்ந்த பன்றி வேறு, திரிந்த பன்றி வேறு

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கே எங்கள் தோட்டத்துக்குக் கறி கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். தாராபுரம், பல்லடம் பக்கமிருந்து புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏனுங்க, இது வெளியில திரிஞ்ச பன்னிதானுங்களே?" எனக்குச் சுருக்கென்று இருக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே கேட்டுக்கொண்டு அலைந்தவன்தான்.

கறி புதுசா, கடை சுத்தமா என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேய்ச்சல் பன்றிக்கறி வாங்குகிறவர்கள் செய்கிற மற்ற தவறுகளைப் பேசுவோம்.

திரிந்ததை மேய்ந்தது என்று நம்புவது

அப்போது நான் பன்றி வளர்க்கவில்லை. வீட்டுக்கு நல்ல கறி வேண்டும், பட்டியில் அடைத்துப் போட்டது ஆகாது, அவ்வளவுதான் என் ஞானம். ஊருக்கு வெளியே ஓடைப்பக்கம் திரிகிற கறுப்புப் பன்றியாகத் தேடிப் பிடித்தேன். பெரியப்பா மகனும் நானும் ஆளுக்குப் பாதி. கறியை அரிந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். "கண்ணு, இங்க வா. கறிக்குள்ள என்ன இது, சவ்வரிசியாட்ட?"

தொடைக்கறியின் நாருக்கு இடையே வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்த கொப்புளங்கள். ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. என் பங்கு 12 கிலோ. தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். அண்ணனின் பங்கும் அதே குழிக்குத்தான் போனது. அவர் இன்றைக்கும் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அது நாடாப்புழுவின் இளம்பருவம். குடலில் நாடாப்புழு இருக்கிற மனிதர் வெட்டவெளியில் மலம் கழித்தால் முட்டையும் சேர்ந்து போகும். திரிகிற பன்றி அதைத் தின்னும், சதையில் கொப்புளம் கட்டும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றவருக்குக் குடலில் புழு வளரும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. புழு இருப்பவர் கை கழுவாமல் சோறு பரிமாறினால் முட்டை அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். அதிலிருந்து வரும் இளம்புழு மூளைவரை போய்க் கொப்புளம் கட்டி வலிப்பில் கொண்டுவிடலாம். பன்றிக்கறியைத் தொடாத சைவக்காரர்களுக்கும் இப்படி வருகிறது.

ஆகவே மேய்ச்சல் என்றால் முதலில் வேலி. நம் ஊர்க் கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும். பன்றி மூக்கை அடியில் கொடுத்து மண்ணைக் கிளப்பி அந்தப் பக்கம் போய்விடும். எங்கள் தோட்டத்தில் கம்பி வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கியிருக்கிறோம். அப்புறம், கேட்க வேண்டிய கேள்வி இது: "தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்குக் கக்கூஸ் இருக்குங்களா?" இதுவரை ஒரே ஒரு அம்மாதான் இதைக் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். மற்றவர்கள் பன்றி சேற்றில் புரள்வதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

புல் மட்டும் தின்றதா என்று கேட்பது

பன்றி மாடு இல்லை, அசைபோடாது. புல், கிழங்கு, மண்புழு எல்லாம் தின்னும். ஆனால் உடம்பு ஏற தானியமும் புண்ணாக்கும் வேண்டும். நாங்கள் மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மரவள்ளித் திப்பி போடுகிறோம். "வெறும் புல்லுதானுங்க" என்று ஒருவர் சொன்னால் அடுத்த தோட்டம் பாருங்கள்.

ஒற்றை வயிறு என்பதால் தீவனத்தில் இருக்கிற எண்ணெய்ச்சத்து பெரும்பாலும் அப்படியே கொழுப்பில் படியும். பச்சை மேய்ந்த பன்றியில் ஒமேகா-3யும் வைட்டமின் ஈயும் கூடுவது அதனால்தான். ஓட்டல் மிச்சம், கோழிக்கடைக் கழிவு என்று வளர்ந்ததன் கொழுப்பு பல சமயம் தொளதொளவென்று இருக்கும். விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் கொட்டுகிற பண்ணைக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் அதே வாளியில் வரலாம். 2020இல் இந்தியாவுக்கு வந்த நோய், 2023இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. மனிதருக்குத் தொற்றாது. பன்றி பிழைப்பது அரிது.

காயடித்ததா என்று கேட்காதது

வளர்ந்த ஆண் பன்றியைக் காயடிக்காமல் விட்டால் அதன் கொழுப்பில் ஒரு மூத்திர வாடை தங்கும். பச்சைக்கறியில் அவ்வளவாகத் தெரியாது. சட்டி சூடேறினால்தான் கிளம்பும். இதில் வேடிக்கை, சிலர் மூக்குக்கு அந்த வாடை பிறவியிலேயே எட்டாது. எங்கள் வீட்டில் நான் அப்படி. "நல்லாத்தானே இருக்குது" என்று நான் தட்டை நிரப்ப, வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். முகர்ந்து பார்த்து வாங்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மலிவு

ஏன் என்று கேளுங்கள்.

கொழுப்பை மொத்தமாகச் செதுக்கி எறிவது

நல்ல தீவனத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அது படிந்த இடத்தையே குப்பையில் போடுகிறார்கள். ஒரு விரற்கடை விடுங்கள். பள்ளிபாளையம் பாணியில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்கினால் அந்தக் கொழுப்பே எண்ணெய். தனியாக ஊற்ற வேண்டாம். அதற்காக மேய்ந்த பன்றி என்று கணக்கில்லாமல் தின்பதும் சரியில்லை. பன்றிக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்புதான், அது எங்கே வளர்ந்திருந்தாலும்.

வீட்டு ஃப்ரீசரில் இடம் பார்க்காமல் பாதிப் பன்றி வாங்குவது

வேண்டாம்.

தோட்டத்துக் கறிதானே என்று அரைவேக்காட்டில் இறக்குவது

யாருடைய தோட்டமானாலும், என்னுடையதே ஆனாலும், உள்சூடு 71 டிகிரியைத் தொட வேண்டும். குழம்பில் கொதித்துவிடும், கவலையில்லை. வறுவலில்தான் மேலே கருகி நடுவில் வேகாமல் நிற்கும். துண்டைச் சிறிதாகப் போட்டு, முதலில் மூடி வேகவைத்து, அப்புறம் சுருட்டுங்கள்.