அறிமுக விழா நேரலை: பிரவுசரிடம் பெயரைக் கேட்காதீர்கள்

மைக்கை ஆன் செய்ய மறப்பது, ஒரே இணைய இணைப்பை நம்பி இறங்குவது, என்கோடர் (கேமராப் படத்தைச் சுருக்கி நேரலைக்கு அனுப்பும் மென்பொருள்) ஓடும் மடிக்கணினியில் விண்டோஸ் அப்டேட் தொடங்குவது ஆகியவை பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒரு முறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். அறிமுக விழாக்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு. அரங்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும், என்கோடரில் பச்சை விளக்கு எரியும், கட்டுப்பாட்டு அறைத் திரையில் படம் துல்லியமாக ஓடும். பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கருந்திரைதான் தெரியும். அந்தக் குழிகள் பெரும்பாலும் பிரவுசருக்குள் இருக்கின்றன.

ஆள் பார்த்துப் பந்தி வைப்பது

இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதே தவறு புதுப்புது அறிமுகப் பக்கங்களில் முளைப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

2014 செப்டம்பர் 9 அன்று கூப்பர்டினோவின் ஃபிளின்ட் சென்டரில் ஐஃபோன் 6-ஐயும் ஆப்பிள் வாட்சையும் ஆப்பிள் அறிமுகம் செய்தது. நேரலையைப் பார்க்க மேக்கில் சஃபாரி 5.1.2-ம் ஓஎஸ் எக்ஸ் 10.6.8-ம், ஐஃபோனில் ஐஓஎஸ் 6-ம் அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள் வேண்டும், இல்லையென்றால் ஆப்பிள் டிவி வேண்டும் என்றது அறிவிப்பு. விண்டோஸில் குரோம் வைத்திருந்தவருக்கு இடமில்லை. வீடியோவைச் சிறு துண்டுகளாகவும் (செக்மென்ட்) அவற்றின் பட்டியலாகவும் (பிளேலிஸ்ட்) அனுப்பும் ஆப்பிளின் எச்எல்எஸ் முறையைச் சஃபாரி தானாகவே இயக்கும், மற்ற டெஸ்க்டாப் பிரவுசர்கள் அன்று இயக்காது என்பதே காரணம். 2015 செப்டம்பரில் விண்டோஸ் 10-இன் எட்ஜ் பட்டியலில் சேர்ந்தது, அன்றைய எட்ஜ் எச்எல்எஸ்ஸை நேரடியாக இயக்கியதால். அதற்கும் பிறகு வந்த அறிவிப்புகளில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இடம்பெற்றன. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: எம்எஸ்இ (பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டே வீடியோ துண்டுகளைப் பிரவுசருக்கு ஊட்டும் வசதி), எச்.264 (படச் சுருக்க முறை), ஏஏசி (ஒலிச் சுருக்க முறை) மூன்றும் இருக்க வேண்டும். பிரவுசரின் பெயரிலிருந்து பிரவுசரின் திறனுக்கு அந்தப் பட்டியல் நகர்ந்துவிட்டது.

நம் ஆட்களில் பலர் இன்னும் பெயரிலேயே நிற்கிறார்கள். பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் சரத்தைப் படித்து, அதில் 'சஃபாரி' இருந்தால் ஒரு வழி, 'குரோம்' இருந்தால் இன்னொரு வழி, இரண்டும் இல்லையென்றால் 'உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை' என்று ஒரு பலகை. இந்தச் சரத்தைப் போலப் பொய் சொல்லும் பொருள் இணையத்தில் குறைவு. குரோமின் சரத்திலேயே 'சஃபாரி' இருக்கிறது. எட்ஜின் சரத்தில் குரோம், சஃபாரி இரண்டும் இருக்கின்றன. ஐஃபோனில் 'குரோம்' என்ற பெயரில் ஓடுவதன் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேடின் சஃபாரி தன்னை ஒரு மேக் என்றே சொல்லிக்கொள்கிறது.

பெயரே மாறாமல் உள்ளே ஆள் மாறிய கதையும் உண்டு. 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளமான குரோமியத்தில் கட்டிய புதிய எட்ஜ் வெளியானது. பழைய எட்ஜுக்கு இருந்த நேரடி எச்எல்எஸ் வசதி அப்போது அதில் இல்லை. 'எட்ஜ் என்றால் பிளேலிஸ்டின் முகவரியை வீடியோவில் அப்படியே கொடு' என்று எழுதியிருந்த பக்கங்கள், புதிய எட்ஜின் சுருங்கிய அடையாளத்தையும் ('Edge' அல்ல, 'Edg') பழையதாக எண்ணிக்கொண்டால் ஓடவில்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிகளுக்குள் திறக்கும் பிரவுசர் என்ன பெயர் சொல்லும் என்றும் எண்ணிப் பாருங்கள். அறிமுக விழா இணைப்பை அழுத்துகிறவர்களில் கணிசமானோர் அங்கிருந்துதான் வருவார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். வரிசையும் முக்கியம்.

முதலில் எம்எஸ்இ இருக்கிறதா என்று பாருங்கள். 'மீடியாசோர்ஸ்' அல்லது 'மேனேஜ்டுமீடியாசோர்ஸ்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொருள் இருந்து, நீங்கள் அனுப்பும் கோடெக்கை (சுருக்க முறையை) ஏற்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' வந்தால் எச்எல்எஸ்.ஜேஎஸ் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் பிளேயரை ஏற்றுங்கள். ஐஃபோனில் ஐஓஎஸ் 17.1 பதிப்புக்கு முன் இந்த இரண்டுமே கிடையாது, எனவே பழைய ஐஃபோன்கள் தானாக அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

இரண்டாவதாக, வீடியோ உறுப்பிடம் 'கேன்பிளேடைப்' (இந்த வகையை ஓட்ட முடியுமா என்று கேட்கும் கட்டளை) மூலம் எச்எல்எஸ் வகையைக் கேளுங்கள். வெற்றுச் சரம் அல்லாத எந்தப் பதில் வந்தாலும் முகவரியை நேரடியாகக் கொடுங்கள். இதை முதல் கேள்வியாக வைத்துவிட்டால் ஆண்ட்ராய்டு குரோம் மாட்டிவிடும். அது 'மேபி' என்று தலையாட்டும், ஓட்டவும் தொடங்கும். ஆனால் தரம் மாற்றுவது, பிழையிலிருந்து மீள்வது எதுவும் உங்கள் கையில் இருக்காது.

மூன்றாவதாக, இரண்டுக்கும் 'இல்லை' என்றால் யூடியூப் நேரலைக்கான இணைப்பைக் காட்டுங்கள். 'சஃபாரியில் திறக்கவும்' என்ற பலகை மட்டும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு வேறு பிரவுசர் நிறுவப் போகிறவர் யாருமில்லை, யாரோ மறு ஒளிபரப்பு செய்யும் சேனலுக்குத்தான் போவார்கள். ஆப்பிளே 2019 செப்டம்பர் விழாவை யூடியூபிலும் ஓட்டியது.

ஏர்பிளே (ஆப்பிள் கருவியின் படத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் வசதி) வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் முக்கியம் என்றால் ஆப்பிள் கருவிகளுக்கு நேரடி வழியை முதலில் வைக்கலாம். அப்போதும் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. 'வெப்கிட்பிளேபேக்டார்கெட்அவைலபிலிட்டிஈவென்ட்' என்ற பொருள் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நாக்கு சுளுக்கும் பெயர்தான், ஆனால் பொய் சொல்லாது.

சஃபாரியில் ஓடியது, போதும் என்று படுத்துவிடுவது

சஃபாரி நேரடியாக எச்எல்எஸ் ஓட்டும்போது பிளேலிஸ்டையும் செக்மென்ட்களையும் பிரவுசரின் மீடியா பகுதியே எடுத்துக்கொள்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அவற்றை எடுப்பது ஜாவாஸ்கிரிப்ட். அங்கே கோர்ஸ் விதி (வேறு டொமைனின் கோப்பைப் பக்கம் படிக்க அந்தச் சேவையகத்தின் அனுமதி வேண்டும் என்பது) குறுக்கே வரும். சிடிஎன் (கோப்புகளின் நகலைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவையக வலை) அனுப்பும் பதிலில் 'ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலோ-ஆரிஜின்' தலைப்பு இல்லையென்றால் கோப்பு வந்து சேர்ந்தாலும் பக்கத்துக்குக் கிடைக்காது. மேக்புக் மட்டுமே உள்ள அலுவலகத்தில் இது கடைசி நாள்வரை தெரியாமலே இருக்கலாம்.

தலைப்பு பிளேலிஸ்டுக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு செக்மென்டுக்கும், வசன வரிகளின் விடிடி கோப்புக்கும், 404 (கோப்பு இல்லை) போன்ற பிழைப் பதிலுக்கும்கூட வேண்டும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மூலச் சேவையகம் கேட்டவரின் டொமைனையே தலைப்பில் திருப்பி எழுதும்படி அமைத்திருந்தால், சோதனை டொமைனுக்காக எழுதிய பதிலைச் சிடிஎன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு உண்மையான டொமைனுக்கும் அதையே கொடுக்கும். ஒத்திகையில் ஓடி, விழாவில் நிற்கும். குக்கீ தேவையில்லாத பொது நேரலைக்கு அந்தத் தலைப்பில் நட்சத்திரக் குறி (எந்த டொமைனுக்கும் அனுமதி) போட்டுவிடுங்கள். அது முடியாதென்றால் 'வேரி: ஆரிஜின்' தலைப்பைச் (டொமைனுக்கு ஒரு நகல் வைக்கச் சொல்வது) சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கேஷ் நேரம்

செக்மென்ட் மாறாது, நீண்ட நேரம் கேஷில் இருக்கலாம். நேரலைப் பிளேலிஸ்ட் ஒவ்வொரு செக்மென்டுக்கும் மாறும். 6 நொடி செக்மென்ட் என்றால் பிளேலிஸ்டுக்கு 1 முதல் 2 நொடி போதும். இரண்டுக்கும் சேர்த்து 60 நொடி என்று வைத்தால் என்ன ஆகும்? பிளேயர் பொதுவாக நேரலை முனையிலிருந்து மூன்று செக்மென்ட் பின்னால் தொடங்கும், அதாவது கையிருப்பு 18 நொடி. பழைய பிளேலிஸ்டே திரும்பத் திரும்ப வர, 18 நொடியில் கையிருப்பு தீர்ந்து சக்கரம் சுற்றும். குறை சொல்கிறவர் 'நெட் ஸ்லோ' என்பார், நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

404-ஐயும் கவனியுங்கள். செக்மென்ட் ஏறி முடிவதற்கு ஒரு கணம் முன்பே பிளேலிஸ்டில் அதன் பெயர் வந்துவிட்டால் முதலில் கேட்டவருக்கு 404 கிடைக்கும். அந்த 404-ஐச் சிடிஎன் சில நிமிடம் வைத்துக்கொண்டால், கோப்பு வந்த பிறகும் அந்தச் சிடிஎன் சேவையகத்தில் எல்லோருக்கும் 404தான். பிழைப் பதிலின் கேஷ் நேரத்தை 1 நொடிக்குக் குறையுங்கள். செக்மென்ட் முதலில், பிளேலிஸ்ட் பிறகு என்ற வரிசையை உறுதிசெய்யுங்கள்.

பிளேயர் இருக்கும் பக்கமும் இதே கணக்கில் வரும். 2014 ஆப்பிள் நேரலை பலருக்குத் தொடக்கத்திலேயே அறுந்து அறுந்து போனது. ஸ்ட்ரீமிங் துறை ஆய்வாளர் டேன் ரேபர்ன் அப்போது கைகாட்டியது, அதே பக்கத்தில் ட்வீட்களைக் காட்ட நொடிக்கு நொடி புதுப்பிக்கப்பட்ட ஜேசன் (தரவு வடிவம்) பகுதியை. அதனால் பக்கத்தைக் கேஷ் செய்வது கடினமாயிற்று என்பது அவர் கணிப்பு. நேரலைக் குறிப்புகளோ படங்களோ வேண்டுமென்றால் அந்த ஜேசனுக்கு 5 முதல் 10 நொடி கேஷ் கொடுங்கள். அதை வேறு ஹோஸ்டில் வைத்து, வீடியோ ஓடத் தொடங்கிய பின் ஏற்றுங்கள். அது செத்தாலும் படம் ஓட வேண்டும்.

ஒலியில்லாத காத்திருப்புப் படம்

'இன்னும் சற்று நேரத்தில்' என்ற அட்டையை ஒலித்தடமே இல்லாமல் அனுப்பிவிட்டு, விழா தொடங்கும்போது ஒலியைச் சேர்ப்பார்கள். எம்எஸ்இ வழியில் எத்தனை தடங்கள் என்பது தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடும். நடுவில் புதிய தடம் வந்தால் ஒலி வராமல் போகலாம், பிளேயரே நின்றும் போகலாம். அட்டைக்கும் மௌனமான ஏஏசி தடம் வையுங்கள், விழாவுக்கான அதே 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில்.

மொழிபெயர்ப்புக் குரலைத் தனித் தடமாகவே அனுப்புங்கள். 2014-இல் ஆங்கிலப் பேச்சின் மேல் சீன மொழிபெயர்ப்பு ஏறிக் கேட்டது பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

மாஸ்டர் பிளேலிஸ்டில் பொய்யான கோடெக் வரி

எல்லாத் தரங்களையும் அவற்றின் கோடெக்குகளையும் பட்டியலிடும் மாஸ்டர் பிளேலிஸ்டில், யாரோ எழுதியதை நகலெடுத்து ஒட்டுவதால் வரும் தவறு. 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், எச்.264-இன் ஹை புரொஃபைல், லெவல் 4.0 என்றால் 'ஏவிசி1.640028'. அதையே 60 ஃபிரேமுக்கு உயர்த்தினால் லெவல் 4.2 ஆகி, கடைசி இரண்டு எழுத்துகள் 28-லிருந்து 2ஏ ஆக வேண்டும். எழுதியிருப்பதை நம்பித்தான் பிளேயர் ஒரு தரத்தை ஏற்கும் அல்லது தள்ளும். உண்மை வேறாக இருந்தால் ஒரு கருவியில் ஓடி இன்னொன்றில் கருந்திரை வரும்.

கீஃப்ரேம்

கீஃப்ரேம் என்பது மற்ற ஃபிரேம்களைச் சாராத முழுப் படம். 2 நொடிக்கு ஒன்று, எல்லாத் தரங்களிலும் ஒரே இடத்தில். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 60 ஃபிரேமுக்கு ஒன்று, 50 என்றால் 100-க்கு ஒன்று. காட்சி மாறும்போது கீஃப்ரேம் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மேடையில் விளக்கு அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் அது கணக்கைக் குலைக்கும்.

தானே ஓடும் என்ற நம்பிக்கை

ஒலியுடன் தானே ஓடுவதைச் சஃபாரி 11 2017-இலும், குரோம் 66 2018-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 66 2019-இலும் தடுத்துவிட்டன. வீடியோ உறுப்பில் 'மியூட்டட்' (ஒலியின்றி), 'பிளேஸ்இன்லைன்' (பக்கத்துக்குள்ளேயே) இரண்டையும் போடுங்கள். 'பிளே' மறுக்கப்பட்டால் பெரிய பொத்தானைக் காட்டுங்கள். குறைந்த மின்சக்தி நிலையில் உள்ள ஐஃபோன் ஒலியில்லாத வீடியோவையும் மறுக்கலாம்.

எச்இவிசி, ஏவி1 என்ற புதிய படச் சுருக்க முறைகள்

வேண்டாம். அல்லது எச்.264-க்குக் கூடுதலாக மட்டும்.

டிஆர்எம்

இலவசமாகக் காட்டும் விழாவுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதற்கு?

4கே

பார்க்கிறவர் பேருந்தில் ஃபோனை வைத்திருக்கிறார். அதற்குச் செலவிடும் பணத்தில் 400 கிலோபிட் தரம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததும் கேபிளைப் பிடுங்குவது

என்கோடரை அணைப்பது மட்டும் நேரலையை முடிக்காது. பிளேலிஸ்டில் 'எக்ஸ்ட்-எக்ஸ்-எண்ட்லிஸ்ட்' வரி வராதவரை எல்லாப் பிளேயர்களும் அடுத்த செக்மென்டைத் தேடிக்கொண்டே இருக்கும். பார்வையாளருக்குச் சுற்றும் சக்கரம், உங்களுக்குச் சிடிஎன் கட்டணம். முறையாக முடிக்கும் பொத்தானை அழுத்தி, அந்த வரி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அணையுங்கள். தொகுத்த பதிவைப் பிறகு ஏற்றும்போது புதிய கோப்புறையில், புதிய செக்மென்ட் பெயர்களுடன் ஏற்றுங்கள். பழைய பெயர்களிலேயே போட்டால் நீண்ட கேஷில் கிடக்கும் நேரலைத் துண்டுகள் நடுநடுவே தலைகாட்டும், வெட்டி எறிந்த மைக் சோதனை உட்பட.