சமரசத்துக்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிணற்றுப் பங்கு, தோப்புக்குப் போகிற வழித்தடம், அண்ணன் தம்பி பாகம். கேரளத்தில் பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் கோர்ட் வாசல் ஏறுகிற சண்டைகள் இப்படித்தான். 2010இல், கொச்சியிலிருந்து மேலே போன ஒரு கட்டுமான வழக்கில், எந்த வழக்குகள் சமரசத்துக்கு ஏற்றவை என்று உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டது. பாகப்பிரிவினையும் அக்கம்பக்கத்து வழித்தகராறும் அதில் உண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் மத்தியஸ்தம் செய்யும்போது, தமிழும் மலையாளமும் மாற்றிச் சொல்ல நான் உடன் இருந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அவரை இன்னும் நீதிபதியாகவே நினைப்பது. கட்டுக்கட்டாகப் பத்திரத்தை விரித்து, "நீங்களே சொல்லுங்க சார், யார் மேல தப்பு?" என்பார்கள். அவர் சொல்லவே மாட்டார். தீர்ப்புச் சொல்வது மத்தியஸ்தர் வேலை இல்லை. நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. "தோப்புக்கு வண்டி போகணும், அவ்வளவுதானே?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வியில் பாதிச் சண்டை கரைவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார். அங்கேயும் வாய் திறக்காமல் இருப்பது அடுத்த தவறு. அங்கே சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டார். கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையிலும் தீர்ந்தது, தீரவில்லை என்பதுதான் இருக்கும். யார் எதை விட்டுக்கொடுக்க முன்வந்தார் என்பது இருக்காது. அப்புறம், முடிவெடுக்கிற ஆளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மகன் கல்ஃபில் இருந்தால் போனிலாவது கிடைக்கவேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கையெழுத்து விஷயம். நம்மில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. ஒப்பந்தத்தை ஒருவர் படிக்க, நாம் தலையாட்டுவோம். ஒரு பெரியவர் விஷயத்தை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். வடக்கு வழியில் அவருக்குள்ள 'அவகாசம்' ஒழிகிறது என்று வாசித்தார்கள். பேனாவை எடுத்துவிட்டார். நீதிபதி கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டார்.

"வழிக்கு இருக்கற கெடு முடியுதுங்க, அதுக்குள்ள சரி பண்ணித் தருவாங்க."

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. வழியில் தனக்கிருந்த உரிமையையே எழுதிக்கொடுக்க இருந்தார் அவர். இரண்டும் நிறைய தொட்டுக்கொள்கிற மொழிகள். அதனால்தான் இந்த ஆபத்து. அன்றைக்குக் கையெழுத்து நடக்கவில்லை. தமிழில் எழுதி, அவரையே வாசிக்கச் சொல்லி, பேச்சைத் திரும்ப ஆரம்பித்தோம்.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் இன்னும் கவனம் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முடிவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது நல்ல விஷயம்தான். அதற்காக அவசரப்பட வேண்டாம்.

"வழி விடச் சம்மதம்" என்று மொட்டையாக எழுதவும் விடாதீர்கள். எத்தனை அடி அகலம், எந்தச் சர்வே எண், டிராக்டர் போகலாமா, மோட்டார் எந்தக் கிழமை யாருக்கு, கரண்ட் பில் யார் கட்டுவது, எல்லாம் எழுத்தில் வரவேண்டும். அந்தப் பெரியவரின் ஒப்பந்தத்தில் கடைசியில் வடக்கு வழி பத்தடி அகலத்தில் அப்படியே நின்றது. தேங்காய் ஏற்றிய வண்டி போக அது போதும்.